குற்றம் எது? கூண்டில் யார்?

குற்றம் சாட்டியவர் யாரென்று தெரியாது. கண்ணால் கண்ட சாட்சி கிடையாது. குறுக்கு விசாரணைக்கு இடமே இல்லை. ஆனால் தீர்ப்பு உண்டு, தண்டனை தவறுவதில்லை! இப்படியும் ஓர் அறமன்றம் இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாகரிகத்தின் நடுக்கூடத்திலேயே இருக்கிறது. அதற்குக் கட்டடம் தேவையில்லை, கறுப்பு அங்கி தேவையில்லை. நான்கு நாற்காலிகளும் நான்கு நாவுகளும் போதும். அந்த மன்றத்துக்கு இழுத்து வரப்படுகிறவள் பெரும்பாலும் ஒரு பெண். அவளுக்கோ, தான் கூண்டில் நிற்கிறோம் என்பதே தெரிவதில்லை!

அந்த மன்றத்தின் நடைமுறையை அப்படியே எழுத்தில் வடித்துத் தந்த சிறு நூல் 'டெய்சி மில்லர்'. எழுதியவர் ஹென்றி ஜேம்ஸ். 1843இல் நியூயார்க்கில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஐரோப்பாவில் கழித்து, 1915இல் பிரிட்டிஷ் குடிமகனாகி, 1916இல் இலண்டனில் மறைந்தவர். 1878ஆம் ஆண்டு ஜூன், ஜூலைத் திங்கள்களில் இலண்டன் 'கார்ன்ஹில்' இதழில் இக்கதை வெளிவந்தது. அதற்கு முன்பே பிலடெல்பியா நகரத்து இதழொன்றுக்கு அனுப்பப்பட்டு, காரணம் ஒரு வரிகூடக் கூறப்படாமல் திருப்பியனுப்பப்பட்டது. ஏன் இப்படி என்று ஜேம்ஸ் ஒரு நண்பரை வினவியபோது, அமெரிக்கக் கன்னியருக்கு இழுக்குத் தேடும் கதை என்று எண்ணியிருப்பர் என விடை வந்ததாம். வேடிக்கையைப் பாருங்கள்! பழிச்சொல்லால் பாழான ஒரு பெண்ணின் கதை, அச்சேறும் முன்னரே பழிச்சொல்லுக்கு ஆளாயிற்று!

கதை பெரிதன்று. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில், வெவே என்றோர் ஊர். கோடைக்கு ஒதுங்குவோரின் உல்லாச இடம். ஜூன் திங்கள் பிறந்துவிட்டால் அமெரிக்கச் செல்வர்கள் அங்கே வந்து குவிவர். அங்குள்ள பெரிய விடுதியொன்றின் தோட்டத்தில் விண்டர்போர்ன் என்னும் இருபத்தேழு வயது இளைஞன், டெய்சி மில்லரைச் சந்திக்கிறான். இவன் அமெரிக்கன், ஆனால் நெடுங்காலம் ஜெனீவாவில் வாழ்ந்தவன். அவள் நியூயார்க் மாநிலத்துச் செனக்டடி நகரத்துச் செல்வர் ஒருவரின் மகள். தாயுடனும் ஒன்பது வயதுத் தம்பியுடனும் ஐரோப்பாவைச் சுற்றிப்பார்க்க வந்தவள். பேச்சில் ஒளிவு இல்லை, பார்வையில் அச்சம் இல்லை. ஏரிக்கரையிலுள்ள சியோன் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அழைத்துச் செல்கிறேன் என்கிறான் அவன். இருவரும் நீராவிப் படகேறிச் சென்று, கோட்டையைப் பார்த்து, திரும்பி வருகின்றனர். அவ்வளவே!

அவ்வளவேதானா? விடுதியில் கோஸ்டெல்லோ சீமாட்டி இருக்கிறாளே! விண்டர்போர்னின் அத்தை. தலைவலிக்கும் குலப்பெருமைக்கும் பேர்போனவள். அந்தப் பெண்ணுடன் உனக்கு எவ்வளவு நாள் பழக்கம் என்று கேட்கிறாள். அரை மணி நேரம் என்று சிரித்தபடி சொல்கிறான் மருமகன். உடனே தீர்ப்புப் பிறக்கிறது: எவ்வளவு மோசமான பெண்! தோழர்களே, கணக்கைக் கவனியுங்கள். அவள் அவனை அறிந்தது அரை மணி என்றால், அவனும் அவளை அறிந்தது அதே அரை மணிதான். அழைத்துச் செல்கிறேன் என்றவன் அவன். ஆனால் மோசமானவள் மட்டும் அவள்! ஒரே படகில் இருவர் ஏறினர். பழி ஒருத்திக்கு, பயணம் இருவருக்கும்!

சீமாட்டியின் சினத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. மில்லர் குடும்பத்தார் தங்கள் பயணப் பணியாளனை நண்பனைப் போல நடத்துகிறார்களாம். மாலை வேளையில் அவன் அவர்களோடு தோட்டத்தில் அமர்கிறானாம். ஒரே மேசையில் உண்டாலும் உண்பான் என்று ஐயுறுகிறாள். இதுதான் கதையின் ஆணிவேர். டெய்சியின் 'ஒழுக்கம்' பற்றிய ஐயம், அவள் ஓர் ஆடவனோடு கோட்டைக்குச் செல்வதற்கு முன்பே, வேலையாளை மதித்தார்கள் என்ற குற்றத்திலிருந்தே முளைத்துவிட்டது. உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற ஏணியின் படிகளைக் காக்கப் புறப்பட்ட கோபம், ஒழுக்கம் என்ற உடையை உடுத்திக்கொண்டு உலவுகிறது. இவர்கள் யார்? மன்னன் இல்லாத நாட்டினர்! மக்கள் எல்லோரும் நிகர் என்று 1776இல் முழங்கிய குடியரசின் மக்கள்! கடல் கடந்தாலும் படிக்கட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

கதையின் பின்பாதி ரோம் நகரில். குளிர்காலம். டெய்சி அங்கே ஜியோவனெல்லி என்னும் இத்தாலிய இளைஞனோடு பழகுகிறாள். பிஞ்சியோ குன்றின் பூங்காவில், பட்டப்பகலில், பலர் பார்க்க நடக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட வாக்கர் அம்மையார் வண்டி பூட்டிக்கொண்டு வருகிறாள், அவளை 'மீட்க'! வண்டியில் ஏறு, இல்லையேல் உன் பெயர் கெடும் என்கிறாள். நடப்பதே தவறென்றால் நான் முழுவதும் தவறானவளே, என்னைக் கைவிட்டுவிடுங்கள் என்ற பொருள்பட விடை சொல்லிவிட்டு நடந்தே செல்கிறாள் டெய்சி.

பிறகு அம்மையார் விண்டர்போர்னிடம் குற்றப் பட்டியல் படிக்கிறாள். கண்டவரோடெல்லாம் சிரித்துப் பேசுகிறாள். மூலையில் அமர்ந்து இத்தாலியரோடு உரையாடுகிறாள். மாலை முழுதும் ஒருவனோடே ஆடுகிறாள். இரவு பதினொரு மணிக்கு விருந்தினரை வரவேற்கிறாள். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு 'சான்று': அவளைத் தேடி ஆடவர் வரும்போது விடுதிப் பணியாட்கள் தமக்குள் புன்னகை செய்கிறார்களாம்! பணியாளன் நம்மோடு அமரத் தகுதியற்றவன். ஆனால் அவன் உதட்டோரப் புன்னகை மட்டும் ஒரு பெண்ணின் வாழ்வை அளக்கும் கோலாகத் தகுதி பெற்றுவிடுகிறது! இதைவிடத் தெளிவாக அலரின் அறிவுநிலையை யார் எடுத்துக்காட்ட முடியும்?

இந்தப் பட்டியலில் ஆசிரியத் தொழிலில் இருக்கும் என்போன்றோர் கண்ணில் படும் ஒன்று உண்டு. டெய்சியின் தம்பி ராண்டால்ஃப், ஒன்பது வயதுச் சிறுவன், நள்ளிரவு வரை உறங்காமல் விடுதிகளில் சுற்றுகிறான். கண்ட வேளையில் சர்க்கரைக் கட்டியைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்கிறான். பள்ளியில்லை, ஆசானில்லை. உண்மையில் அக்கறைக்குரிய குறை அந்த வீட்டில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைப் பற்றிக் கவலைப்பட ஒரு சீமாட்டியும் வண்டி பூட்டவில்லை! சிறுவனின் இரவு சிரிப்புக்குரியது. தமக்கையின் மாலை சீற்றத்துக்குரியது. ஆகவே இவர்கள் காக்க வந்தது பிள்ளைகளின் நலத்தையன்று. பெண்ணைக் கட்டிவைக்கும் கயிற்றை.

தமிழ் அகப்பாடல்களைப் பயின்றவர்களுக்கு அம்பலும் அலரும் புதியன அல்ல. முணுமுணுப்பாக முகிழ்ப்பது அம்பல்; ஊரறிய விரிவது அலர். திருக்குறளில் 115ஆம் அதிகாரமே 'அலரறிவுறுத்தல்'. அங்கெல்லாம் ஊர் தூற்றத் தூற்றக் காதலர் துணிவு வளர்கிறது, மணம் விரைகிறது. ஜேம்ஸ் காட்டும் அலர் அத்தகையதன்று. அது எவரையும் எவரோடும் இணைப்பதில்லை. முதலில் அழைப்பிதழ்களை நிறுத்துகிறது, பிறகு பார்வையைத் திருப்புகிறது, இறுதியில் பாடையைத் தூக்குகிறது. வாக்கர் அம்மையாரின் விருந்தில், விடைபெற வந்த டெய்சிக்கு அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும் இடத்தைப் படியுங்கள். கத்தியில்லை, குருதியில்லை. ஆயினும் ஒரு கொலை நடந்தது போன்ற நடுக்கம் நம்மைப் பற்றும்.

இனி, இந்நூலின் நுண்மையான இடத்துக்கு வருவோம். கதையில் பழிச்சொல்லுக்கு ஆளானவர் டெய்சி மட்டுமல்லர், விண்டர்போர்னும்தான்! ஜெனீவாவில் அவன் 'படிக்கிறான்' என்பார் சிலர். அவனினும் வயதில் மூத்த அயல்நாட்டுப் பெண்ணொருத்தியிடம் அவனுக்கு ஈடுபாடு என்பார் வேறு சிலர். கதையின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் இதைச் சொல்லிவிடுகிறார். கதையின் இறுதியிலும், டெய்சி மண்ணுக்குள் போனபின், அவனைப் பற்றி அதே இரண்டு வதந்திகள் உலவுவதாகச் சொல்லி முடிக்கிறார். அவனுக்கு எந்த வாயில் அடைபட்டது? எந்த விருந்து மறுக்கப்பட்டது? எந்தச் சீமாட்டி முதுகைக் காட்டினாள்? ஆடவனைப் பற்றிய வதந்தி அவன் சட்டைப்பையில் செருகிய மலர். பெண்ணைப் பற்றிய வதந்தி அவள் கழுத்தில் கட்டிய கல். இதை ஜேம்ஸ் ஒரு சொல்லாலும் விளக்கவில்லை. முன்னும் பின்னும் இரு விளக்குகளை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். அவர் கலையின் உயரம் இங்கேதான்.

ஆனால் கலைஞரின் உயரத்தைக் கண்டு கருத்தாய்வை மறந்துவிடலாகாது. எலைசா லின் லிண்டன் என்ற ஆங்கில எழுத்தாளர், புதுக்காலப் பெண்களைச் சாடிக் கட்டுரை எழுதிப் பெயர்பெற்றவர். டெய்சி உலகத்தின் கருத்தை வேண்டுமென்றே எதிர்த்தாளா, அல்லது ஒன்றும் அறியாத பேதையா என்று ஜேம்ஸிடம் கேட்டார். 1880இல் எழுதிய மறுமொழியில் ஜேம்ஸ், அவள் மாசற்றவள், தன் தலைக்கு மேலே நடந்த கலவரத்துக்குத் தானறியாமலே பலியானவள் என்று விளக்கம் தந்தார். கேட்பதற்கு இனிய விளக்கம்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள்! 'அவள் மாசற்றவள், ஆகவே தூற்றியது தவறு' என்றால் என்ன பொருள்? மாசுடையவளாயின் தூற்றியது சரி என்றல்லவா ஆகிறது! அவள் அந்த இத்தாலியனை உளமாரக் காதலித்திருந்தால்? அறிந்தே, துணிந்தே, எதிர்த்தே நடந்திருந்தால்? அப்போது வாக்கர் அம்மையாரின் முதுகு நீதியாகிவிடுமா?

நண்பர்களே, இந்தப் பொறியில்தான் நல்லெண்ணம் கொண்டோரும் விழுகின்றனர். தூற்றப்பட்ட பெண்ணுக்காக வாதாட எழுந்து, 'அவள் அப்படிப்பட்டவளல்லள்' என்று தொடங்குகின்றனர். அந்த ஒரு சொல்லிலேயே தூற்றுவோர் மன்றத்தின் ஆணையை ஏற்றுக்கொண்டுவிடுகின்றனர். வழக்கு நடத்தவே உரிமையில்லாத மன்றத்தின் முன், குற்றவாளியல்லள் என்று வாதாடுவது தோல்வியின் முதற்படி. உனக்கு விசாரிக்கும் உரிமையைத் தந்தவர் யார் என்று கேட்பதே அறிவின் முதற்படி.

விண்டர்போர்ன் அந்தப் படியில் கால் வைக்கவே இல்லை. அவன் கெட்டவனல்லன். அத்தையின் பேச்சை நம்பாதவன், ஐயுறத் தெரிந்தவன், கற்றவன். ஆனால் அவன் ஐயமெல்லாம் ஒரே வினாவைச் சுற்றிச் செக்குமாடாகச் சுழல்கிறது: இவள் நல்லவளா, கெட்டவளா? நிலவொளியில் கொலோசியப் பாழ்மண்டபத்தில், இரவு பதினொரு மணிக்கு, டெய்சியும் ஜியோவனெல்லியும் அமர்ந்திருப்பதைக் காண்கிறான். அப்போது அவன் உள்ளத்தில் எழுந்தது திகில் மட்டுமா? இல்லை, ஆறுதலும் எழுந்தது! புதிர் விடுபட்டுவிட்டது, இனி இவளை மதிக்க வேண்டிய தொல்லை இல்லை என்ற ஆறுதல்! கோஸ்டெல்லோவின் கொடுஞ்சொல்லைவிட, வாக்கரின் முதுகைவிட, இந்த ஆறுதலே இந்நூலில் மிகக் கொடியது. மூடர்கள் தூற்றினர், படித்தவன் கைவிட்டான். டெய்சியின் உள்ளத்தை ஒடித்தது எது? மரணப்படுக்கையிலிருந்து தாயிடம் அவள் சொல்லியனுப்பிய செய்தி அதைக் காட்டும்: அந்த இத்தாலியனுக்கு நான் நிச்சயிக்கப்பட்டவளல்லள் என்று அவரிடம் சொல், அந்தக் கோட்டைக்குச் சென்றது நினைவிருக்கிறதா என்று அவரைக் கேள். ஊரின் சொல்லை அவள் பொருட்படுத்தவில்லை. ஒருவன் பார்வையை மட்டும் பொருட்படுத்தினாள். அவனோ ஊரின் கண்ணாலேயே பார்த்தான்.

டெய்சி காய்ச்சலால் இறக்கிறாள். 'ரோமானியக் காய்ச்சல்' என்று அன்று அழைத்தது மலேரியாவைத்தான். கெட்ட காற்று என்பதே அச்சொல்லின் பொருள். இரவுக் காற்றில் நோய் இருக்கிறது என்று நம்பிய காலம் அது. ஆகவே கதையைப் படித்தவர்கள் எளிதாக ஒரு நீதியைப் பிழிந்தெடுத்துக்கொண்டனர்: இரவில் ஆடவனோடு வெளியே போனாள், செத்தாள்! பெண்களே, எச்சரிக்கை! இந்த நீதியை அறிவியல் ஒரு நொடியில் உடைத்துவிடுகிறது. கதை வெளிவந்த இரண்டாண்டுக்குப் பின், 1880இல், லாவெரான் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897இல் ரொனால்டு ராஸ், இந்தியாவின் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். 1898இல் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவருடைய தோழர்களும், மனிதருக்கு இந்நோயைக் கொணர்வது அனோபிலிஸ் கொசுவே என்று நிலைநாட்டினர். கடிபட்ட நாளுக்கும் காய்ச்சல் தோன்றும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வாரமேனும் செல்லும். கதையிலோ, கொலோசிய இரவுக்குச் சில நாள்களுக்குள்ளேயே டெய்சி கடும் நோயில் கிடக்கிறாள். ஆகவே கணக்குப்படி, அந்த இரவுக்கு முன்பே கொசு அவளைக் கடித்திருக்க வேண்டும். ஒருவேளை விடுதியிலேயே, தாயின் பக்கத்தில் அவள் அமர்ந்திருந்தபோதே கடித்திருக்கலாம்! கொசு ஒழுக்கச் சான்றிதழ் கேட்பதில்லை. ஜேம்ஸ் 1878இல் இதை அறிந்திருக்க வழியில்லை. அது அவர் குறையன்று. ஆனால் இன்று படிக்கும் நாம், நோயைத் தண்டனையாக்கும் பழைய மடமையைக் கதைக்குள் மீண்டும் குடியேற்றினால், அது நம் குறை.

ஒரு குறை ஜேம்ஸைச் சாரும். இக்கதையை அவரே நாடகமாக்கி 1883இல் வெளியிட்டார். அதில் டெய்சி நோயிலிருந்து மீள்கிறாள், விண்டர்போர்னை மணக்கிறாள்! மேடை முதலாளிகள் அதை ஏற்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு முடிவுகளையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். தூற்றப்பட்ட பெண்ணுக்கு இரண்டே வாயில்கள்: ஒன்று கல்லறை, மற்றொன்று கல்யாணம். சாவு அவள் மாசின்மையை மெய்ப்பிக்க வேண்டும், அல்லது தாலி போன்ற ஒரு மோதிரம் அவள் பெயரைக் கழுவ வேண்டும். மூன்றாவது வாயில் ஒன்று உண்டல்லவா? சாகாமல், எவனுடைய மோதிரமும் தேடாமல், நடந்தவள் நடந்தபடியே வாழ்வது! அந்த வாயிலைத் திறக்க அவ்வளவு பெரிய எழுத்தாளரின் கையும் துணியவில்லை. தவிரவும், கதை முழுவதையும் விண்டர்போர்னின் கண்வழியே காட்டியதால், அவன் தடுமாற்றம் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. டெய்சியின் உள்ளமோ கடைசி வரை கதவுக்கு வெளியே நின்றே கேட்கும் குரலாகிவிடுகிறது. பழிக்கப்பட்டவள் பேச வேண்டிய கதையில், ஐயுற்றவனே பேசிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த கோடையில் விண்டர்போர்ன் அத்தையிடம், அந்தப் பெண்ணுக்கு நான் அநீதி இழைத்துவிட்டேன் என்கிறான். வெளிநாட்டில் நெடுநாள் வாழ்ந்ததால் தவறிவிட்டேன் என்கிறான். பிறகு ஜெனீவாவுக்கே திரும்பிப் போகிறான். கால்வினின் ஜெனீவா! 1541இல் ஒழுக்க விசாரணைக்கென்றே அவை அமைத்து, ஆடியவரையும் பாடியவரையும் அழைத்து விசாரித்த ஜெனீவா! வருந்தியவன் மாறவில்லை. மாறாத வருத்தம் கண்ணீருக்கு உதவும். கல்லறைக்குள் இருப்பவளுக்கு உதவாது.

இளைஞர்கள் இந்நூலைத் தேடிப் படிக்க வேண்டும். 1974இல் திரைப்படமாகவும் வந்தது. படிக்கும்போது, கோஸ்டெல்லோவைக் கண்டு எள்ளி நகையாடிவிட்டு ஏட்டை மூடிவிட வேண்டா. அவள் எளிய பகை. அவளை எல்லோரும் அடையாளம் காணலாம். விண்டர்போர்னைத் தேடுங்கள். அவன் உங்கள் வகுப்பில் இருப்பான், உங்கள் மன்றத்தில் இருப்பான், உங்கள் சட்டைக்குள்ளேயும் இருப்பான். விடுதித் தோட்டத்து நாற்காலிகள் இன்று கைப்பேசிக்குள் இடம்பெயர்ந்துவிட்டன. ஒரு பெண்ணின் படம், ஒரு வரி, ஒரு நமட்டுச் சிரிப்பு. இரவு முடிவதற்குள் ஊர் முழுதும் தீர்ப்பு. அது நம் கைக்கு வரும்போது, 'பார்த்தவர் யார்?' என்று கேட்பவன் நல்லவன்தான். ஆனால் அந்த வினாவும் விண்டர்போர்னின் வினாவே. சான்று கிடைத்துவிட்டால் அவனும் முதுகைக் காட்டிவிடுவான். பகுத்தறிவு கேட்க வேண்டிய வினா வேறு:

'பார்த்தால்தான் என்ன? அவள் நடந்தாள், உனக்கு எங்கே வலித்தது?'